ஜமக்காளப் பட்டை அசையாம நிறம் மட்டும் மாத்த வழி சொல்லுங்க

வணக்கமுங்க. பவானி ஜமக்காளத்துக்கு நிற மாதிரி எடுக்க எழுத்துல சொன்னதைப் படமாக்குற ஏஐ மாடல் ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்எல்லை ஓட்டுறோம், அதை இயக்குற ஆட்டோமேட்டிக்1111 மென்பொருள்ல. பட்டையோட அகலமும் வரிசையும் அப்படியே நிக்கணும், நிறம் மட்டும் 20 விதமா வரணும்.

இப்ப படம் 1024க்கு 1024 பிக்சல், இரைச்சலைப் படிப்படியா நீக்க 30 ஸ்டெப், சிஎஃப்ஜி (ப்ராம்ப்ட்டை, அதாவது நாம எழுதுற விவரத்தை, எவ்வளவு இறுக்கமாப் பின்பற்றணும்ங்கிற அளவு) 7. சீடை (தொடக்க இரைச்சலை, அதாவது படம் உருவாகத் தொடங்குற தாறுமாறான புள்ளிகளை, முடிவு பண்ற எண்) -1ல விட்டா ஒவ்வொரு தடவையும் புது இரைச்சல்ல தொடங்கி, படமே வேற ஆயிடுது. சரின்னு சீடை ஒரே எண்ணுல கட்டிட்டு, ப்ராம்ப்ட்டுல "அரக்கு"க்குப் பதிலா "மயில் நீலம்"னு போட்டாலும் பட்டை எண்ணிக்கை மாறுதுங்க. வேரியேஷன் ஸ்ட்ரெங்த் 0.1ல நிறம் அசையல, 0.3ல பட்டை கலையுது. அது ரெண்டு சீடோட இரைச்சலைக் கலக்குற வேலை; நிறத்தை மட்டும் தனியாப் பிரிச்சுத் தொடாது. அதனால அந்த வழியை விட்டாச்சு.

யூலர் ஏங்கிற சாம்ப்ளர் (இரைச்சலை நீக்குற முறை) ஒவ்வொரு ஸ்டெப்புலயும் புது இரைச்சல் சேர்க்கும், ஸ்டெப்பை மாத்தினாலே படம் மாறும். அதான் அப்படிச் சேர்க்காத டிபிஎம்++ 2எம் காரஸ் வெச்சிருக்கோம். பட அளவையும் தொடறதில்லைங்க, தொட்டா அதே சீடுக்கும் இரைச்சல் வேற.

இருக்கிற படத்தை வெச்சுப் புதுப்படம் எடுக்குற இமேஜ் டு இமேஜ்ல டீநாய்சிங் (பழைய படத்தை எவ்வளவு மாத்தணும்ங்கிற அளவு) 0.45 வெச்சா பழைய நிறமே நிக்குது, 0.7ல கோடு வளையுது. மிச்சம் இருக்கிறது, படத்தோட விளிம்புக் கோட்டை எடுத்து அதே வடிவத்துல நிறுத்துற கன்ட்ரோல்நெட் கேனிதான். நேர்கோட்டுப் பட்டைக்கு அதோட பிடியைச் சொல்ற வெயிட் எவ்வளவு, அது விலகுற எண்டிங் ஸ்டெப்பை எங்க நிறுத்தணும்? 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டுல எக்ஸ்எல்லோட இதை ஓட்டினவங்க இருந்தா, உங்க அமைப்பை எண்ணோட போடுங்க. கரைப் பக்கம் ரெண்டு நிறம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கசியறதுக்கும் மருந்து தெரிஞ்சா சொல்லுங்க.