ஆறு வயதில் நிகழ்தகவு தேவையா?

செழியன்:
ஒன்றாம் வகுப்பிலேயே நிகழ்தகவு (ஒன்று நடக்க எவ்வளவு வாய்ப்பு என்ற கணக்கு) விளையாட்டுகள் வேண்டும் என்று இங்கே சிலர் எழுதுகிறார்கள். வீண்வேலை. ஒரு பையில் 1 சிவப்புப் பந்து, 1 வெள்ளை. இன்னொன்றில் 3 சிவப்பு, 5 வெள்ளை. பார்க்காமல் எடுத்துச் சிவப்பு வந்தால் வெற்றி. வாய்ப்பு அதிகம் முதல் பையில்தான்: அங்கே இரண்டில் ஒன்று, இங்கே எட்டில் மூன்று. ஆனால் சின்னப் பிள்ளைகள் பலரும் இரண்டாவது பையைத்தான் காட்டுவார்கள், அதில்தானே சிவப்பு நிறைய! குழந்தை உளவியலாளர்கள் பியாஜேயும் இன்ஹெல்டரும் 1951இலேயே தற்செயல் பற்றிப் புத்தகமே போட்டார்கள். விகிதம் பிடிபட 11, 12 வயதாகும்.

மதிவதனி:
1951ஓடு நின்றுவிட்டீர்களே சார். 2008இல் ஃபெய் ஷூ, வஷ்தி கார்சியா என்ற ஆய்வாளர்கள் 8 மாதக் குழந்தைகளைச் சோதித்தார்கள். பெட்டி நிறைய சிவப்புப் பந்துகள், வெள்ளை கொஞ்சம்தான். சோதனை செய்தவர் கண்ணை மூடி எடுத்த ஐந்தில் நான்கு வெள்ளை என்றால் குழந்தைகள் அதிக நேரம் பார்த்தார்கள், எதிர்பாராததைப் பார்ப்பதுபோல.

செழியன்:
பார்த்தால் போதுமா? நான்கு வெள்ளைப் பந்தே கண்ணைப் பறித்திருக்கலாம்.

மதிவதனி:
அதையும் யோசித்திருக்கிறார்கள். அதே பந்துகளைப் பெட்டிக்குப் பதில் தன் சட்டைப்பையிலிருந்து அவர் எடுத்தபோது அந்த வேறுபாடு வரவில்லை. அப்படியானால் குழந்தை கவனித்தது நிறத்தை மட்டும் அல்லவே!

அருள்:
குறுக்கிடுகிறேன். 8 மாதத்தில் இருப்பது 6 வயதில் எங்கே போகிறது? 2007இல் ஜியோங், லெவின், ஹட்டன்லாக்கர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 6, 8, 10 வயதுப் பிள்ளைகளிடம் இரண்டு நிறம் பூசிய வளையங்களைக் காட்டி (சுழலும் முள் குறித்த நிறத்தில் நின்றால் வெற்றி), எதில் ஜெயிக்க வாய்ப்பு அதிகம் என்று கேட்டார்கள். கோடே இல்லாத வளையத்தில் பிள்ளைகள் விகிதத்தைப் பார்த்தார்கள். அதே வளையத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்ததும் எண்ண ஆரம்பித்துத் தடுமாறினார்கள். என் கணிப்பு: எண்ணக் கற்றதே இங்கே குறுக்கே நிற்கிறது. செழியன் சொன்ன பைகளும் எண்ணத் தூண்டுபவைதான்.

செழியன்:
சரி, வளையத்தில் வருகிறது. நாளைக்குப் பாடம் எண்ணில்தானே வரும்? முதிர்ச்சி வரட்டும்.

மதிவதனி:
முதிர்ச்சி மட்டும் காப்பாற்றாது சார். நாணயம் சுண்டி நாலு தடவை தலை விழுந்தால் அடுத்தது பூதான் என்று அடித்துச் சொல்லும் பெரியவர்கள் எத்தனை பேர்! ஃபிஷ்பைன், ஷ்னார்க் என்ற ஆய்வாளர்கள் 1997இல் பல வகுப்பு மாணவர்களிடம் பார்த்தபோது, இந்த மாதிரித் தவறு வயதோடு குறைந்தது, ஆனால் வேறு சில தவறுகள் கூடின. காத்திருந்தால் எல்லாம் தானாகச் சரியாகும் என்பதற்கு ஆதாரம் எங்கே?

செழியன்:
விளையாடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குத் தேர்வு வைத்து மதிப்பெண் போடாதீர்கள்.

மதிவதனி:
தேர்வை இங்கே யார் கேட்டது?