புதுப்பிப்பு: ஊசுட்டேரி மறைவிடச் சன்னல் இப்போது மங்குவதில்லை

புதுச்சேரி அருகேயுள்ள ஊசுட்டேரிக்குப் பறவை பார்க்கக் கொண்டுபோகும் கூடார மறைவிடத்தின் அக்ரிலிக் சன்னல் விடியற்காலையில் உட்புறம் மங்கிவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். தீர்ந்துவிட்டது!

காரணம் நம் மூச்சுதான். அதன் ஈரம், மார்கழிக் குளிரில் சில்லிட்ட சன்னலில் பட்டதும் நுண்துளிகளாகிறது. ஏரிக்கரை மண்ணின் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. எனவே முதலில் தரையில் தார்ப்பாய் விரித்தேன். பிறகு பின்பக்கம் கீழே ஒரு திறப்பு, கூரையோரம் ஒரு திறப்பு. உடல் சூட்டில் வெதுவெதுப்பான காற்று மேலேறி வெளியேறுகிறது. கீழிருந்து புதுக்காற்று வருகிறது. பெரும்பகுதித் தொல்லை இதிலேயே ஒழிந்தது. திறப்புகள் சிறிதாகவே இருக்கட்டும். முதுகுப்பக்கம் வெளிச்சம் விழுந்தால் நம் அசைவு வெளியே தெரியும், நாமக்கோழிகள் விலகிப்போய்விடும். அது எனக்குப் பொறுக்காது.

மீதிக்குச் சோப்பு. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டை உட்புறம் தடவி, மென்மையான பருத்தித் துணியால் தெளியும்வரை துடையுங்கள். ஈரம் துளியாகத் திரளாமல் மெல்லிய படலமாகப் பரவுவதால் பார்வை மறையாது. பூச்சு நெடுநாள் நிற்காது, அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் மட்டும் வேண்டவே வேண்டாம். அக்ரிலிக்கில் நுண்விரிசல் விழும்.

வெளிநாட்டு வேட்டை மறைவிடங்களுக்கும் இதே முறை பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பொருந்தும், மூச்சும் குளிரும் எங்கும் ஒன்றே.