டர்பன்–ஜோகன்னஸ்பர்க் ஓட்டத்துக்கு எந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்?

கேள்வி: வணக்கம். டர்பன் துறைமுகத்திலிருந்து என்3 நெடுஞ்சாலை வழியாக ஜோகன்னஸ்பர்க் வரை 56 டன் இன்டர்லிங்க் (இரண்டு டிரெய்லர் கோத்த லாரி) ஓட்டுகிறோம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில் ஏற்றத்தில் கிளட்ச் மிதித்து மிதித்து டிரைவர்களுக்குக் கால் விட்டுப் போகிறது. அடுத்த லாரிக்கு கிளட்சையும் கியரையும் தானே மாற்றும் ஏஎம்டியா, எண்ணெய் வழியாகச் சக்தி கடத்தும் டார்க் கன்வெர்ட்டரா?

பதில் 1: உங்கள் ஓட்டத்துக்கு ஏஎம்டிதான் தம்பி. வால்வோ ஐ-ஷிப்ட், இசட்எஃப் டிராக்ஸான் எல்லாம் உள்ளே சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ் மாதிரிதான், கிளட்சையும் கியரையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது, அதனால் சக்தி வீணாவது குறைவு, டீசலும் மிச்சம்.

பதில் 2: சரி, ஆனால் துறைமுக வரிசையில் கவனம். பாரத்தோடு ஊர்ந்து ஊர்ந்து போய் எங்கள் லாரியில் கிளட்ச் கருகிவிட்டது, நெஞ்சு பதறியது. முன்னால் நல்ல இடைவெளி விழும்வரை பிரேக்கில் நின்று, ஒரேயடியாக நகரச் சொல்லுங்கள். அல்லிசன் மாதிரி டார்க் கன்வெர்ட்டரில் எண்ணெய் வழியாகச் சக்தி போவதால் இந்தத் தொல்லை இல்லை, நின்று நின்று போகும் குப்பை லாரிக்கு அதுதான் பொருத்தம்.

பதில் 3: எதை வாங்கினாலும் ரிட்டார்டரோடு (இறக்கத்தில் கால் பிரேக் இல்லாமலே வேகத்தைக் குறைக்கும் கூடுதல் பிரேக்) வாங்குங்கள். அப்புறம், வான் ரீனன் கணவாயில் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து மேனுவலில் வைக்க வேண்டும். கால் பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

கேள்வி கேட்டவர்: நன்றி அண்ணா, ரிட்டார்டரோடு ஏஎம்டிக்கே விலை கேட்கிறேன்.