நியூ கிளாரஸ்: 20 ஏக்கரில் குடும்பங்கள் எப்படிக் காலூன்றின?

ஏர்முனை:
அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள நியூ கிளாரஸ், 1845-இல் சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் பகுதியிலிருந்து வந்தவர்கள் உருவாக்கிய ஊர். குடும்பத்துக்கு 20 ஏக்கர்தான் பிரித்தார்களாம். அது எப்படிப் போதும்? பிறகு கோதுமையை ஏன் விட்டார்கள்?

அளவுச்சங்கிலி:
20 ஏக்கருக்கு, அவர்களை அனுப்பிய குடியேற்றச் சங்கத்தின் கையிருப்புப் பணமே காரணம். அப்போது அரசு நிலம் ஏக்கர் 1.25 டாலர். நிலம் பார்க்க முன்னதாக அனுப்பப்பட்ட டூர்ஸ்ட், ஸ்ட்ரைஃப் இருவரும் 1,280 ஏக்கர் வாங்கினார்கள்; 1,600 டாலர். அமெரிக்க நில அளவையில் ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர், ஆக இது சரியாக இரண்டு செக்‌ஷன். ஏப்ரலில் 193 பேர் புறப்பட்டு, ஆகஸ்டில் வந்து சேர்ந்தவர்கள் 108 பேர். ஆகஸ்டில் வந்தால் அந்த ஆண்டு விதைப்புக்கு வழியில்லை. முதல் குளிர்காலத்தை ஓட்டியதுதான் பெரும்பாடு.

கரிசல்காடு:
20 ஏக்கரையும் உடனே உழ முடியாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். புல்வெளி மண்ணில் வேர்கள் பாய்போலப் பின்னியிருக்கும். உடைக்கும் கலப்பைக்கு நான்கைந்து ஜோடி எருது வேண்டும். புல் துளிர்த்து வளரும் மே, ஜூனில் இரண்டு மூன்று அங்குலம் மட்டும் சீவிப் புரட்ட வேண்டும். ஆழமாகப் போனாலோ காலம் தவறினாலோ புல்கட்டி மக்காது, மறுபடி துளிர்க்கும். முதல் பருவத்தில் புரண்ட கட்டியைக் கோடாரியால் கீறி மக்காச்சோளம் போடுவது அந்நாளைய வழக்கம்.

ஏர்முனை:
சரி ஐயா, கோதுமை?

உறைமோர்:
ஆண்டுதோறும் அதே வயலில் அதே பயிர். மண் சத்து இழந்தது. சின்ச் பூச்சி தண்டில் சாறு உறிஞ்சியது. பாலுக்கு மாறியதும் சாணம் நிலத்துக்குத் திரும்பியது. சிறு பண்ணைக்கு இதுதான் சரியான தொழில் என்பேன். ஆனால் சுமார் 200 பவுண்டு சுவிஸ் பாலாடைக்கட்டி ஒன்றுக்கு ஏறக்குறைய 2,000 பவுண்டு பால் வேண்டும். ஒரு வீட்டு மாடுகள் தராது. ஆகவே பல வீட்டுப் பாலையும் சேர்க்கும் சிறு ஆலைகள் தோன்றின. குளிரூட்டல் இல்லாததால் காலையும் மாலையும் பாலைக் கொண்டுவர வேண்டும். அதனால்தான் அவை நெருக்கமாக அமைந்தன. ஒரு வீட்டுப் பால் கெட்டிருந்தாலும் கொப்பரை முழுதும் வீண். ரயில் 1887-இல்தான் வந்தது. அதுவரை பால் தொலைவு போகாது, பாலாடைக்கட்டி போகும்.