தானாகக் கற்கும் பிள்ளைகள் பற்றிய படங்கள் தெரிந்தால் சொல்லுங்கள்

வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 11 வயது. ஒன்றரை வருடமாகப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பிடித்ததை அவனே தேடிக் கற்கிறான். புதுச்சேரிப் பக்கம் இதே போலிருக்கும் நான்கு குடும்பங்களும் நாங்களும் மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் மொட்டைமாடியில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் பார்க்கிறோம்.

போன மாதம் ‘தி பாய் ஹூ ஹார்னஸ்டு தி விண்ட்’ (2019) போட்டோம். மலாவியில் பீஸ் கட்ட முடியாமல் படிப்பு நின்றுபோன பையன், நூலகப் புத்தகத்தை வைத்துக் காற்றாலை கட்டிய உண்மைக் கதை. மறுநாள் என் மாமனாரின் பழைய சைக்கிளில் டைனமோவைக் காணோம். சாயங்காலம் பார்த்தால் மாடிக் கைப்பிடியில், தகர டப்பாவை வெட்டிய இறக்கைகளோடு கட்டியிருக்கிறது. பல்பு எரியவில்லை. மாமனார் திட்டுவார் என்று நினைத்தேன். "இறக்கை சின்னதுடா" என்று அவரும் கூடவே உட்கார்ந்துவிட்டார்!

‘கேப்டன் ஃபென்டாஸ்டிக்’ (2016) வேண்டாம். காட்டில் ஆறு பிள்ளைகளை அப்பாவே வளர்க்கும் கதைதான், நல்ல படம்தான். ஆனால் சிறுவர்களோடு பார்க்கச் சங்கடமான காட்சிகள் உண்டு. ‘தாரே ஜமீன் பர்’ (2007) எல்லோரும் பார்த்தாயிற்று. அதிலும் ஒரு வாத்தியார் வந்துதான் பையனை மீட்கிறார். நான் தேடுவது வேறு.

இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால் நல்லது. ஆவணப்படமும் சரி. பொடிசுகளுக்கு சப்டைட்டில் படிக்க வராது, அதனால் தமிழ்ப் படமோ தமிழ் டப்பிங்கோ என்றால் முதலில் அதைச் சொல்லுங்கள். அப்புறம், எந்த ஓடிடியில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் போடுங்களேன்.