திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைக்கு மீட்பு உண்டா?

கேள்வி: முத்துநகர் அக்கா

என் தங்கைக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. ஆண் குழந்தை. இன்குபேட்டரில் வைத்திருந்தார்கள், மறுநாள் விடியுமுன் இறந்துவிட்டான். தங்கை மயக்கத்தில் கிடந்தாள். அவள் கணவர் ரத்தம் தேடி அலைந்துகொண்டிருந்தார். ஊருக்குக் கொண்டுவந்து, செபமாலை சொல்லி அடக்கம் செய்தோம். திருமுழுக்குப் பெறாத பிள்ளைக்குப் பூசை கிடையாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பெயர்கூட முன்பே முடிவு செய்து வைத்திருந்தோம். ஞானத்தாயாக நான் நிற்பதாகப் பேச்சு.

போன வாரம் வந்த பெரியம்மா, தங்கையின் காதுபடவே, "சென்மப் பாவம் கழுவாத பிள்ளை மோட்சத்துக்குப் போகாது, மோட்சமும் நரகமும் அல்லாத லிம்போவில்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்லர். சிறுவயதில் ஞான உபதேச வகுப்பில் படித்ததைச் சொன்னார். அன்றிலிருந்து தங்கை சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போகிறாள்.

மழுப்பலான ஆறுதல் எனக்கு வேண்டாம். திருச்சபை உண்மையில் என்ன போதிக்கிறது? ஒரு நாள் மூச்சுவிட்ட குழந்தை என்ன பாவம் செய்தான்?

பதில்: தரங்கை வாசகர்

சகோதரி, நான் லுத்தரன் சபையைச் சேர்ந்தவன். நீங்கள் திருமுழுக்கு என்று சொல்லும் ஞானஸ்நானம் எங்களிடமும் குழந்தைகளுக்கு உண்டு, ஜென்மப் பாவம் என்ற போதனையும் உண்டு. ஆனாலும் கருவிலோ பிரசவத்திலோ பிள்ளையை இழந்த தாய்மாருக்காக மார்ட்டின் லூத்தர் 1542இல் ஆறுதலாக எழுதினார். அந்தத் தாய் வார்த்தையில்லாமல் ஏங்கிய ஏக்கத்தையே தேவன் ஜெபமாக ஏற்றுக்கொள்கிறார் என்பது அதன் சாரம். தாவீதின் குழந்தை இறந்தபோது அவர் சொன்னதை உங்கள் தங்கைக்கு வாசித்துக் காட்டுங்கள் (2 சாமுவேல் 12:23): "நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை." பிள்ளை இருக்கும் இடத்துக்குத் தானும் போய்ச்சேருவேன் என்றல்லவா அந்தத் தகப்பன் பேசுகிறான்!

பதில்: மறைக்கல்வி ஆசிரியர் (ஓய்வு)

அம்மா, முதலில் பெரியம்மாவைப் பற்றி. அவர் கற்பனையாக எதையும் சொல்லவில்லை. லிம்போ பல நூறு ஆண்டுகள் வகுப்புகளில் கற்பிக்கப்பட்டது. ஆனால் அது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கப்பட்டதில்லை. இதைத் தங்கையிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

அது எப்படி வந்தது? ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியுஸ் என்ற துறவி, ஆதாமின் பாவம் ஆதாமுக்கே கேடு, நமக்கு அது கெட்ட முன்மாதிரி மட்டுமே என்று போதித்தார். இன்று அல்ஜீரியாவில் உள்ள ஹிப்போவின் ஆயர் புனித அகுஸ்தீன் அதைக் கடுமையாக எதிர்த்தார். குழந்தைக்குப் பாவமே இல்லையென்றால் திருச்சபை ஏன் அதற்குத் திருமுழுக்குக் கொடுக்கிறது என்பது அவருடைய வாதம். அந்த வாதத்தின் முடிவில், திருமுழுக்கின்றி இறக்கும் குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு, ஆனால் அது எல்லாத் தண்டனைகளிலும் மிக இலேசானது என்றார். அகுஸ்தீனை நான் மிகவும் மதிக்கிறேன். இந்த இடத்தில் மட்டும் அவரோடு என்னால் போக முடிந்ததில்லை.

பின்னால் வந்தவர்களுக்கும் அது தாங்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் போன்றோர், அந்தக் குழந்தைகளுக்கு வேதனையே இல்லை, இயல்பான மகிழ்ச்சியோடு இருப்பார்கள், கடவுளை நேரில் காணும் பேறு மட்டும் இராது என்றார்கள். லிம்போ என்ற கருத்து உருவானது குழந்தைகளைத் தண்டிப்பதற்காக அன்று. தண்டனையிலிருந்து அவர்களை வெளியே கொண்டுவருவதற்காக.

இனி, "என்ன பாவம் செய்தான்" என்ற உங்கள் கேள்வி. அவன் எதுவும் செய்யவில்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 404, 405ஆம் எண்களில், பிறப்புநிலைப் பாவம் (சென்மப் பாவம்) நாம் செய்த செயலன்று, நாம் பிறக்கும்போதே இருக்கும் நிலை என்கிறது. ஆதாமின் வழிவந்த எவரிடத்திலும் அது தனிப்பட்ட குற்றமாக இராது என்றும் சொல்கிறது. சொத்தை இழந்த தகப்பனின் வீட்டில் பிறக்கும் பிள்ளைக்கு வறுமை வரும், குற்றப்பத்திரிகை வராது.

அதே நூலின் 1257ஆம் எண், கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு பிணைத்திருக்கிறார், ஆனால் அவர் திருமுழுக்குப் போன்ற தம் அருளடையாளங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்கிறது. 1261ஆம் எண் நேராக உங்கள் தங்கை மகனைப் பற்றியதுதான். இப்படி இறந்த குழந்தைகளைத் திருச்சபை கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது. "சிறு பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள்" என்ற இயேசுவின் சொல்லை நினைவூட்டி, அவர்களுக்கு மீட்பின் வழி உண்டு என்று நம்பச் சொல்கிறது. லிம்போ என்ற சொல் அங்கே இல்லவே இல்லை. 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம் இதற்கென்றே ஓர் ஆவணம் வெளியிட்டது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அனுமதி அளித்து வெளிவந்தது. அக்குழந்தைகள் மீட்கப்பட்டுக் கடவுளைக் காண்பார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்பது அதன் முடிவு.

பதில்: அந்தோனி அடியான்

ஐயா, அப்படியானால் திருமுழுக்கு எதற்கு? இதைப் படிக்கும் பெற்றோர் பிள்ளைக்கு இரண்டு வயதாகட்டும், மண்டபம் கிடைக்கட்டும் என்று தள்ளிப்போடுவார்கள். ஏற்கெனவே அப்படித்தான் நடக்கிறது.

பதில்: மறைக்கல்வி ஆசிரியர் (ஓய்வு)

உங்கள் கவலை நியாயமானது. 2007 ஆவணமும் இதை உறுதியான அறிவு என்று சொல்லவில்லை, செபத்தோடு கூடிய நம்பிக்கை என்றே சொல்கிறது. 1261ஆம் எண்ணும், அதனாலேயே குழந்தைகளைத் திருமுழுக்குக்குக் கொண்டுவருவது இன்னும் அவசரமானது என்று முடிகிறது. மண்டபத்துக்காகக் காத்திருப்பவர்களை நானும் கண்டித்திருக்கிறேன். உயிருக்கு ஆபத்து என்றால் செவிலியரோ, பாட்டியோ, கிறிஸ்தவர் அல்லாதவரோகூட, திருச்சபை செய்வதையே செய்யும் எண்ணத்தோடு தண்ணீர் ஊற்றித் தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் திருமுழுக்குக் கொடுக்கலாம். இதைப் பிரசவத்துக்கு முன்பே எல்லா வீட்டிலும் சொல்லி வைக்க வேண்டும். ஆனால் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவளிடம் அதைப் பேசக்கூடாது. தள்ளிப்போட்டவள் அல்லள் அவள்.

பதில்: முத்துநகர் அக்கா

இருவருக்கும் நன்றி ஐயா. தரங்கை அண்ணன் சொன்ன வசனத்தை இன்று வாசித்துக் காட்டினேன். மறுபடி வாசிக்கச் சொன்னாள். ஒன்று மட்டும் கேட்கிறேன்: பூசை கிடையாது என்று சொன்னது சரியா? இப்போது வைக்க முடியுமா?

பதில்: மறைக்கல்வி ஆசிரியர் (ஓய்வு)

சரியில்லை அம்மா. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 1183, பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்து அதற்குமுன் குழந்தை இறந்தால், ஆயரின் அனுமதியோடு திருச்சபை அடக்கச் சடங்கு நடத்தலாம் என்கிறது. பெயரும் ஞானத்தாயும் முடிவான பிள்ளைக்கு இதைவிடத் தெளிவான எண்ணம் வேண்டுமா? உரோமைத் திருப்பலி நூலில் திருமுழுக்குக்கு முன் இறந்த குழந்தையின் அடக்கத்துக்கென்றே தனி மன்றாட்டுகள் இருக்கின்றன. அடக்கம் முடிந்துவிட்டாலும், பிள்ளையையும் பெற்றோரையும் நினைத்து இப்போதும் பூசைக்கு, அதாவது திருப்பலிக்கு, கருத்து கொடுக்கலாம். பங்குத்தந்தையிடம் நீங்களே போங்கள், அந்தச் சட்ட எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். திருப்பலி அன்று பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.