1876 ஓரிகன் அதிபர் தேர்தல்: தோற்ற கட்சிக்கு ஒரு வாக்கு எப்படிக் கிடைத்தது?

நெய்தல் கேட்டது:

வணக்கம். 1876ஆம் ஆண்டின் அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றிச் சில நாட்களாகப் படித்து வருகிறேன். ஃபுளோரிடா, லூசியானா, தென் கரோலினா ஆகிய மூன்று மாநிலங்களில் தகராறு எழுந்ததன் காரணம் எனக்குப் புரிகிறது. அங்கே கறுப்பின வாக்காளர்கள் வன்முறையாலும் மிரட்டலாலும் தடுக்கப்பட்டனர்; மறுபுறம், லூசியானாவில் வாக்குகளைச் சரிபார்த்த குழு ஆயிரக்கணக்கான வாக்குகளைத் தள்ளுபடி செய்தது. ஆனால் தகராறுக்குள்ளான மாநிலங்களின் பட்டியலில் பசிபிக் கரையோர மாநிலமான ஓரிகனும் இருக்கிறது. குடியரசுக் கட்சியின் ரதர்ஃபோர்டு ஹேய்ஸ் அங்கே ஏறத்தாழ ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்த எண்ணிக்கையை எதிர்த்தரப்பும் மறுக்கவில்லை. அப்படியிருந்தும், மாநிலத்தின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் மூன்று தேர்வாளர்களின் வாக்குகளில் ஒன்று ஜனநாயகக் கட்சியின் சாமுவேல் டில்டனுக்கு விழுந்ததாக ஆளுநரின் கையெழுத்தோடு வாஷிங்டனுக்குச் சான்றிதழ் போயிருக்கிறது. இதற்குச் சட்டத்தில் ஏதேனும் ஆதாரம் இருந்ததா, அல்லது இது அப்பட்டமான அடாவடியா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பொருநை எழுதியது:

நல்ல கேள்வி. நாடு முழுவதும் தகராறில் சிக்கிய தேர்வாளர் வாக்குகள் இருபது. அவற்றுள் பத்தொன்பது தெற்கைச் சேர்ந்தவை, ஒன்றே ஒன்று ஓரிகனுடையது. டில்டனிடம் தகராறற்ற 184 வாக்குகள் இருந்தன. வெற்றிக்கு 185 தேவை. ஆகவே அந்த ஒரு வாக்கே அவரை அதிபராக்கப் போதுமானதாக இருந்தது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

அக்காலத்தில் வாக்காளர்கள் ஒவ்வொரு தேர்வாளருக்கும் தனித்தனியே, பெயர் சொல்லி வாக்களித்தனர். ஓரிகனில் குடியரசுக் கட்சியின் தேர்வாளர்களான ஓடெல், கார்ட்ரைட், வாட்ஸ் மூவரும் தலைக்கு 15,200க்குச் சற்று மேல் பெற்றனர்; ஜனநாயகக் கட்சித் தேர்வாளர்களில் முன்னணியில் இருந்த குரோனினுக்கு 14,150 அளவில் கிடைத்தது. ஆனால் ஜான் வாட்ஸ், யாம்ஹில் மாவட்டத்தின் லாஃபயெட் என்ற சிற்றூரில் போஸ்ட்மாஸ்டராக இருந்தார். அந்த வேலையின் வருமானம் ஆண்டுக்கு 300 டாலரைக்கூட எட்டாது. எனினும் அது மத்திய அரசின் பதவி. நம்பிக்கைக்குரிய அல்லது ஆதாயம் தரும் மத்திய அரசுப் பதவியில் இருப்பவர் எவரும் தேர்வாளராக நியமிக்கப்படக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவு திட்டவட்டமாகக் கூறுகிறது. தேர்தல் நடந்த நவம்பர் 7 அன்று வாட்ஸ் அந்தப் பதவியில்தான் இருந்தார்.

இந்தக் குறையை ஜனநாயகக் கட்சித் தலைமை பிடித்துக்கொண்டது. ஆளுநர் லாஃபயெட் குரோவரும் அதே கட்சிக்காரர். தகுதியற்றவருக்கு விழுந்த வாக்குகள் செல்லாதவை, எனவே அடுத்தபடியாக வாக்குப் பெற்ற குரோனினே தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று அவர் முடிவெடுத்து, ஓடெல், கார்ட்ரைட், குரோனின் ஆகிய மூவரின் பெயரில் சான்றிதழ் வழங்கினார். மாநிலச் செயலாளர் ஸ்டீஃபன் சாட்விக்கும் அதில் கையெழுத்திட்டார்.

டிசம்பர் 6 அன்று தலைநகரான சேலத்தில் தேர்வாளர்கள் கூடியபோது நடந்ததுதான் விசித்திரத்தின் உச்சம். வாட்ஸ் முன்பே போஸ்ட்மாஸ்டர் பதவியை விட்டு விலகியிருந்தார். அன்று தேர்வாளர் பதவியிலிருந்தும் விலகினார். அவ்வாறு ஏற்பட்ட காலியிடத்துக்கு ஓடெலும் கார்ட்ரைட்டும் அவரையே மீண்டும் நியமித்தனர். மூவரும் ஹேய்ஸுக்கு வாக்களித்தனர். சான்றிதழைக் கையில் வைத்திருந்த குரோனினோ, மற்ற இருவரும் தம்மோடு அமர மறுப்பதால் இரண்டு இடங்கள் காலி என்று அறிவித்து, மில்லர், பார்க்கர் என்ற இருவரை அந்த இடங்களில் அமர்த்தினார். இருவரும் ஹேய்ஸுக்கு வாக்களிக்க, குரோனின் மட்டும் டில்டனுக்கு வாக்களித்தார். வராதவர், மறுத்தவர், இறந்தவர் இடத்தை அங்கே கூடியிருக்கும் தேர்வாளர்களே நிரப்பிக்கொள்ளலாம் என்ற ஒரே மாநிலச் சட்ட விதியைத்தான் இரு தரப்பும் தத்தமக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டன.

வெண்ணி எழுதியது:

பொருநை அவர்களின் விவரிப்பு சரியானது. ஆனால் குரோவரின் முடிவை முழு அடாவடி என்று ஒதுக்கிவிட முடியாது என்பது என் கருத்து. தகுதியின்மை பலரும் அறிந்த ஒன்றாக இருக்கும்போது அத்தகைய வேட்பாளருக்கு விழும் வாக்கு வீணானது, அடுத்தவரே வென்றவர் என்ற கொள்கைக்கு இங்கிலாந்தில் பழைய முன்னுதாரணங்கள் உண்டு; இந்தியானா மாநில நீதிமன்றமும் அவ்வழியில் தீர்ப்பளித்திருந்தது. பெரும்பாலான அமெரிக்க நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை என்பது உண்மையே. ஆனால் குரோவர் காற்றிலிருந்து ஒரு விதியைப் பிடித்துவந்து நீட்டவில்லை.

இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது, அதே ஆண்டு ரோட் தீவு மாநிலத்தில் நடந்தது. அங்கே தேர்வாளராக வென்ற ஜார்ஜ் கார்லிஸ், நீராவி இயந்திரங்களால் புகழ்பெற்றவர். பிலடெல்பியா நூற்றாண்டுக் கண்காட்சியின் ஆணையராகவும் இருந்தார். அது அத்தகைய மத்திய அரசுப் பதவியா என்று ஆளுநர் மாநில உச்ச நீதிமன்றத்தைக் கேட்டார். கார்லிஸ் தகுதியற்றவர், தேர்தலுக்குப் பின் விலகுவது குறையைப் போக்காது, ஆனால் அடுத்தபடி வாக்குப் பெற்றவரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆகமாட்டார் என்று நீதிமன்றம் கருத்துரைத்தது. சட்டமன்றம் வேறொருவரை நியமித்தது. தேர்தலைத் தோற்றவர்களுக்கு வெற்றியைக் கொடுக்காமலும், தகுதியற்றவரை உள்ளே விடாமலும், மக்கள் விருப்பத்தைக் காத்த வழி அது. ஓரிகனில் குரோவர் நீதிமன்றத்தை நாடியிருந்தால் இதே நேர்மையான முடிவு கிடைத்திருக்கும் என்றே நம்புகிறேன். அவர் தாமே நீதிபதியாகி, தம் கட்சிக்காரருக்குப் பதவியை அளித்ததுதான் தவறு.

நெய்தல் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் மீதமிருக்கிறது. 1877இல் தகராறுகளைத் தீர்க்க அமைக்கப்பட்ட பதினைந்து பேர் கொண்ட தேர்தல் ஆணையம், ஃபுளோரிடாவிலும் லூசியானாவிலும் மாநில அரசு அளித்த சான்றிதழுக்குப் பின்னால் சென்று விசாரிக்க மறுத்ததாகப் படித்தேன். அப்படியானால் ஓரிகனில் ஆளுநரின் சான்றிதழையே ஒதுக்கிவிட்டு ஹேய்ஸுக்கு மூன்று வாக்கையும் அளித்தது முரண் அல்லவா?

கூடல்வாசி எழுதியது:

நீங்கள் சுட்டும் முரணைத்தான் ஜனநாயகக் கட்சியினர் எதிர்பார்த்துக் காத்திருந்தனர். ஓரிகன் விவகாரம் வெறும் ஒரு வாக்குக்கான பேராசை அன்று; அது கவனமாக வைக்கப்பட்ட பொறி. ஆளுநரின் சான்றிதழே இறுதியானது என்று ஆணையம் சொன்னால் குரோனினின் வாக்கு செல்லும், டில்டன் 185ஐ எட்டிவிடுவார். சான்றிதழைத் தாண்டி உண்மை நிலவரத்தைப் பார்ப்போம் என்று சொன்னால், லூசியானாவில் தள்ளுபடியான வாக்குகளையும் பார்த்தே தீர வேண்டும். அப்போதும் டில்டன் வெல்லக்கூடும்.

ஆணையம் இதிலிருந்து வெளியேறிய வழியை நுணுக்கமாகக் கவனிக்க வேண்டும். ஓரிகன் சட்டப்படி வாக்குகளைத் தொகுத்து முடிவைக் காணும் அதிகாரம் மாநிலச் செயலாளருடையது, ஆளுநருடையது அன்று. டிசம்பர் 4 அன்று சாட்விக் தொகுத்த கணக்கில் அதிக வாக்கு பெற்றவர்கள் ஓடெல், கார்ட்ரைட், வாட்ஸ் ஆகிய மூவரே. அந்தத் தொகுப்பின் சான்றளித்த நகலைக் குடியரசுக் கட்சித் தேர்வாளர்கள் தம் வாக்குகளோடு இணைத்தே அனுப்பியிருந்தனர். எனவே வெளிச் சாட்சியம் எதுவும் தேவைப்படவில்லை. உறைக்குள் இருந்த தாளே போதுமானதாக இருந்தது. மாநிலத்தின் முடிவு செயலாளரின் தொகுப்பு, ஆளுநர் அதற்கு மாறாகச் சான்றளித்தது அதிகாரமற்ற செயல் என்று ஆணையம் கூறியது. தென் மாநிலங்களிலும் சரிபார்ப்புக் குழுக்களின் முடிவே மாநிலத்தின் முடிவு. ஆக, மேலோட்டமாக முரண் இல்லை.

வாட்ஸின் தகுதியின்மையை ஆணையம் நேரடியாகத் தொடவில்லை. டிசம்பர் 6 அன்று அவர் போஸ்ட்மாஸ்டர் அல்ல, காலியிடத்தைச் சக தேர்வாளர்கள் சட்டப்படி நிரப்பினர், அதுவே போதும் என்று சொல்லிக் கடந்தது. லூசியானாவில் பிரூஸ்டர், லெவிசி என்ற இரண்டு தேர்வாளர்களும் இதே முறையில், கூட்டத்துக்கு வராமலிருந்து, பின் மற்றவர்களால் மீண்டும் நியமிக்கப்பட்டவர்கள்தாம்.

பிப்ரவரி 23, 1877 அன்று வந்த தீர்ப்பில், பலர் கவனிக்காமல் விட்டுவிடும் ஒன்று உண்டு. குரோனின் தரப்பின் வாக்குகள் சட்டப்படியானவை அல்ல என்பதில் பதினைந்து உறுப்பினர்களும், அதாவது ஏழு ஜனநாயகக் கட்சியினரும் சேர்ந்து, உடன்பட்டனர். வாட்ஸின் வாக்கை ஹேய்ஸுக்குச் சேர்ப்பதில்தான் வழக்கம்போல் 8க்கு 7 என்று பிரிந்தனர். இரண்டு வாக்குகளை மட்டும் எண்ணி, மூன்றாவதைக் கைவிடலாம் என்பது சிறுபான்மையினரின் நிலைப்பாடு. என்னைக் கேட்டால், அரசியலமைப்பின் சொற்களுக்கு அதுவே நெருக்கமானது. மார்ச் 2 அன்று எண்ணிக்கை முடிந்தபோது ஹேய்ஸ் 185, டில்டன் 184. ஓரிகனின் அந்த ஒரு வாக்கை எவருக்கும் தராமல் விட்டிருந்தால் 184க்கு 184 என்று நின்றிருக்கும்.

வெண்ணி எழுதியது:

கூடல்வாசி சொன்ன பொறியின் பின்னணியில் பணமும் இருந்தது. டில்டனின் சகோதரி மகன் பெல்டனுக்கும் ஓரிகனுக்கு அனுப்பப்பட்ட கட்சி ஏஜென்ட் பாட்ரிக்குக்கும் இடையே சங்கேதத் தந்திகள் பறந்தன. ஓர் ஆங்கில அகராதியே அவற்றின் திறவுகோல். ஒரு தேர்வாளரை விலைக்கு வாங்க 10,000 டாலர் கேட்டிருந்த தந்தி, பின்னர் செனட் விசாரணையில் வெளிவந்தது. தமக்கு எதுவும் தெரியாது என்று டில்டன் மறுத்தார். ஓரிகன் தேர்வாளர் எவரும் விலைபோகவில்லை என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறேன்.

பொருநை எழுதியது:

இறுதியாக ஒன்று. இத்தகைய குழப்பம் மீண்டும் வரக் கூடாதென்று பத்தாண்டுகள் விவாதித்து, 1887இல் தேர்வாளர் வாக்கு எண்ணிக்கைச் சட்டத்தை நிறைவேற்றினர். ஒரு மாநிலத்திலிருந்து இரண்டு சான்றிதழ்கள் வந்து, அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் உடன்படாவிட்டால், ஆளுநரின் முத்திரை பெற்றதே எண்ணப்படும் என்பது அதன் விதிகளுள் ஒன்றாக இருந்தது. அந்த விதியை 1877க்குப் பொருத்திப் பாருங்கள். தேர்வாளர்கள் வாக்களித்த 1876 டிசம்பர் 6 அன்று தெற்கின் மூன்று மாநிலங்களிலும் ஆளுநர்களாக இருந்தவர்கள் குடியரசுக் கட்சியினர். அந்த பத்தொன்பதும் ஹேய்ஸுக்கே போகும். ஓரிகனிலோ முத்திரை குரோவருடையது. செனட் குடியரசுக் கட்சியின் கையிலும், கீழவை ஜனநாயகக் கட்சியின் கையிலும் இருந்ததால் உடன்பாட்டுக்கும் வழியில்லை. பதினைந்து பேரும் ஒருமனதாகத் தள்ளிய குரோனினின் வாக்கு அப்போது செல்லுபடியாகி, டில்டன் 185க்கு 184 என்று அதிபராகியிருப்பார். ஆளுநரின் சான்றிதழை நீதிமன்றம் திருத்தினால் நீதிமன்றத்தின் முடிவே நிற்கும் என்ற தெளிவு 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தில்தான் வந்தது.